வாலிபால் பழகும் பிள்ளைக்கு முன்கை வலி: பந்தை மாற்றுவதா, ஸ்லீவ் போடுவதா, ஓய்வு கொடுப்பதா?

வாலிபால் ஆடத் தொடங்கும் பிள்ளைகளில் பலர், முதல் சில வாரங்களுக்குள்ளேயே முன்கைகள் சிவந்து, சில சமயம் பொட்டுப் பொட்டாகச் செந்நிறப் புள்ளிகளோடு வீடு திரும்புவார்கள். அதைப் பார்க்கும் பெற்றோருக்கும் தொடக்கநிலை வகுப்பை நடத்துபவருக்கும் உடனே நான்கைந்து வழிகள் தோன்றும். எடை குறைந்த பந்தை வாங்கலாம். இருக்கிற பந்திலேயே காற்றைக் குறைக்கலாம். முன்கையை மூடும் உறையான ஸ்லீவை மாட்டிவிடலாம். சில நாள் விளையாட்டையே நிறுத்தலாம். அல்லது ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று அப்படியே விடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்பது தெரியாமல் போகும். பொருந்தாததை முதலில் செய்தால், வலி மட்டும் மறைந்து, வலியை உண்டாக்கிய பழக்கம் கையோடு தங்கிவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து கைக்கு வந்து சேரும் வேகத்தையும், ஒரு நாளில் கையில் படும் எண்ணிக்கையையும் முதலில் குறைக்க வேண்டும். அடுத்தது பந்தின் எடை. ஸ்லீவ் அதற்கும் பிறகுதான். முழு ஓய்வு என்பது காயமோ என்ற ஐயம் எழும்போது மட்டும் கையில் எடுக்க வேண்டியது.

முதலில் கையைப் பார்க்க வேண்டும்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பிள்ளையின் கையே பெருமளவு சொல்லிவிடும். இரு கைகளையும் சேர்த்து முன்கையில் பந்தை வாங்கும் அண்டர்ஹேண்ட் முறையில் பத்துப் பதினைந்து பந்துகளை எடுத்த உடனே, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டச் சொல்லி, எங்கே சிவந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலே தொடங்கி முன்கையின் நடுப்பகுதிக்குள் முடியும் வகையில், உட்புறச் சதைப்பகுதியில், இரண்டு கைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் சிவப்பு இருந்தால், பந்து பட வேண்டிய இடத்தில்தான் படுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறையில் குறை அதிகம் இல்லை. தோல் இன்னும் பழகவில்லை, அல்லது பந்து அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கிறது, அல்லது எண்ணிக்கை கூடிவிட்டது.

சிவப்பு வேறு இடத்தில் இருந்தால் கதை மாறுகிறது. மணிக்கட்டின் மடிப்பிலோ கட்டைவிரலின் அடியிலோ பட்டிருந்தால், பிள்ளை பந்துக்குப் பின்னால் நகர்ந்து வராமல் எட்டி எடுக்கிறது என்று பொருள். முன்கையின் கட்டைவிரல் பக்க விளிம்பில், எலும்பு தட்டுப்படும் கோட்டில் பட்டிருந்தால், கைகள் வெளிப்புறமாகத் திரும்பவில்லை. முழங்கைகளை நேராக நீட்டி, இரண்டு கட்டைவிரல்களையும் இணையாக வைத்து, மணிக்கட்டிலிருந்து கைகளைத் தரையை நோக்கி அழுத்தினால்தான் முன்கை தானாகத் திரும்பி, தட்டையான சதைப்பகுதி மேலே வரும். ஒரு கை மட்டும் சிவந்து மற்றது வெளுப்பாகவே இருந்தால், ஒரு கை மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது, அல்லது உடல் பந்துக்குப் பக்கவாட்டில் நிற்கிறது. முழங்கைக்கு அருகில் சிவந்திருந்தால் பந்தை உடம்போடு ஒட்டி எடுக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரே பந்து, ஒரே வேகத்தில், இரண்டு கைகளின் அகலமான சதையில் பரவிப் படும்போது உண்டாகும் வலியும், ஒற்றை எலும்பு விளிம்பில் குவிந்து படும்போது உண்டாகும் வலியும் ஒன்றல்ல. விளிம்பில் வாங்கும் பிள்ளைக்கு எவ்வளவு மென்மையான பந்தைக் கொடுத்தாலும், பிறகு வழக்கமான பந்துக்கு வரும்போது அதே வலி திரும்பி வரும். கடிகாரம், வளையல், கைக்கயிறு ஆகியவற்றைக் கழற்றச் சொல்லுவதையும் இந்த முதல் சோதனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து படும் இடத்துக்குக் கீழே ஒரு முடிச்சு இருந்தாலும் போதும், அங்கே கன்றிவிடும்.

வலியின் தன்மையையும் கேட்டறிய வேண்டும். தோலில் சுள்ளென்று எரிந்து, ஒரு சில மணி நேரத்தில் அடங்குவது ஒரு வகை. தோலுக்கு அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிவதால் தோன்றும் சிறு செம்புள்ளிகளும், பிறகு நீலமாகவும் மஞ்சளாகவும் மாறும் இரத்தக்கட்டும் இன்னொரு வகை. இவை பார்க்கப் பயமுறுத்தினாலும் பொதுவாகச் சில நாள்களில் தாமாக மறையும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தோளும் கையும் தொடையும் சேர்ந்து வலித்தால், அது புதிய அசைவுகளுக்குத் தசைகள் காட்டும் எதிர்வினை. ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தைத் தொட்டுக் குறையும். நான்காவது வகை எலும்பிலோ மூட்டிலோ வரும் வலி. அதற்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பயிற்சியை மாற்றுவது: செலவில்லாத, ஆனால் பலர் கடைசியில் நினைக்கும் வழி

பந்தை மாற்றுவதற்கும் பயிற்சியை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு தெளிவாகக் காட்டும். போட்டிக்கான பந்தின் எடை 260 முதல் 280 கிராம் வரை. 270 கிராம் எடையுள்ள பந்து 3 மீட்டர் உயரத்திலிருந்து கையில் விழுந்தால், அது கொண்டுவரும் ஆற்றல் ஏறக்குறைய 8 ஜூல். அதற்குப் பதிலாக 210 கிராம் பந்தை அதே உயரத்திலிருந்து போட்டால் 6 ஜூலுக்குச் சற்று அதிகம். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. ஆனால் பழைய பந்தையே வைத்துக்கொண்டு, விழும் உயரத்தைப் பாதியாக்கினால் ஆற்றலும் சரிபாதியாகிவிடுகிறது. எதிரிலிருந்து வரும் பந்துக்கு வேறுபாடு இன்னும் பெரிது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸுக்குப் பதிலாக நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையால் போட்டுக்கொடுத்தால், கையில் இறங்குவது நான்கில் ஒரு பங்கு மட்டுமே. புதிய பந்து வாங்கிக் கிடைக்கும் குறைப்பைவிட, போட்டுக்கொடுப்பவர் இரண்டு அடி முன்னே வந்து மெதுவாகப் போடுவதால் கிடைக்கும் குறைப்பு அதிகம்.

இதோடு பிள்ளையின் கை வீச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பந்து வரும்போது கைகளை வேகமாக மேலே வீசுவார்கள். பந்தும் கையும் ஒன்றையொன்று நோக்கி வருவதால் மோதும் வேகம் கூடுகிறது. ஏன் வீசுகிறார்கள்? எதிரே வலை உயரமாக இருக்கிறது, பந்து அதைத் தாண்ட வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது, கையில் வலிமை போதவில்லை. பெரியவர்களுக்கான வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஒன்பது வயதுப் பிள்ளையை அதன் முன் நிறுத்தினால், முழங்காலை மடக்கி எழும் அசைவால் பந்தைத் தூக்க முடியாமல், கையை வீசத்தான் செய்யும். வலையை இறக்குவதும், சில வாரங்களுக்கு வலையே இல்லாமல் பழக்குவதும் கைவலிக்கான மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. உண்மையில் அதுவும் ஒரு மருந்துதான்.

தனியாகப் பயிற்சி செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் சுவரை நாடுகிறார்கள். சுவருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: துணை தேவையில்லை. ஆனால் வலி இருக்கும் காலத்தில் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். பந்து திரும்பி வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளை அதை ஓங்கித் தள்ளும். அது வேகமாக, பெரும்பாலும் தாழ்வாகவும் கோணலாகவும் திரும்பும். கையைச் சரிசெய்ய நேரமே கிடைக்காமல் எலும்பில் படும். மேலும் சில நிமிடங்களிலேயே எண்ணிக்கை நூறைத் தொட்டுவிடும், யாரும் எண்ணிக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். சுவரைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், தலைக்கு மேல் உயரமாக ஓர் அடையாளம் வைத்து அதை நோக்கி மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் பந்து ஒரு முறை தரையில் குதித்து எழுந்த பிறகு எடுக்கட்டும். தரை வேகத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். பிள்ளைக்கும் நகர்ந்து வந்து நிற்க நேரம் கிடைக்கும்.

தானே தன் தலைக்கு மேல் தட்டிக்கொண்டே இருப்பது சுவரைவிட மென்மையானது. பந்து அதிக உயரம் போகாதவரை வலி குறைவு. ஆனால் அதில் பிள்ளை நிமிர்ந்து நின்று, முழங்கைகளை மடக்கித் தட்டப் பழகிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே அதைக் கையைச் சூடேற்றும் பயிற்சியாக மட்டும் சில நிமிடங்கள் வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட, ஒருவர் எதிரில் நின்று போட்டுக்கொடுப்பதே சிறந்தது. அதைச் செய்ய விளையாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தாயோ தந்தையோ அண்ணனோ அக்காவோ செய்யலாம். ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு கைகளாலும் கீழிருந்து, பந்து சுழலாமல், பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே எழுந்து இடுப்புக்கு முன்னால் இறங்கும்படி போட வேண்டும். முதல் சில பந்துகளைத் திருப்பி அனுப்பவே வேண்டாம். நீட்டிய கைகளின் மேல் பந்து விழட்டும், பிள்ளை கையை அசைக்காமல் அப்படியே நிற்கட்டும். பந்து எந்தப் பக்கம் உருண்டு விழுகிறது என்பதிலிருந்தே கைகள் சமமாக இருக்கின்றனவா என்று இருவருக்கும் தெரிந்துவிடும். பிறகு முழங்காலை மட்டும் நிமிர்த்தித் திருப்பி அனுப்பச் சொல்லலாம். வீசாமல் எடுத்த பந்து வலிக்காது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே உணர்ந்துகொள்வது, நாம் ஆயிரம் முறை ‘வீசாதே’ என்று சொல்வதைவிட மேலானது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு முன்கையில் முப்பது, நாற்பது பந்துகள் போதும் என்பது என் எண்ணம். அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, இடையில் விரல்களால் எடுக்கும் ஓவர்ஹெட் பாஸ், கீழிருந்து போடும் சர்வீஸ், பந்து விழும் இடத்துக்கு ஓடிச் சென்று இரு கைகளாலும் பிடிக்கும் கால் பயிற்சி ஆகியவற்றைச் செய்யலாம். முன்கை ஓய்வெடுக்கிறது, ஆனால் பயிற்சி நிற்கவில்லை. கால் பயிற்சியை ஒப்புக்குச் செய்யாமல் அக்கறையோடு செய்ய வேண்டும். மணிக்கட்டில் வாங்கும் பிள்ளைகளின் உண்மையான குறை காலில்தான் இருக்கிறது. வாரத்துக்கு வாரம், அடுத்த நாள் காலையில் வலி இல்லையென்றால், பத்து பந்துகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

பந்தை மாற்றுவது

1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, கூடைப்பந்து அதிகக் கனமாக இருந்தது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் பை மட்டும் அதிக இலேசாக இருந்தது. அதனால் தனியாக ஒரு பந்தைச் செய்து வாங்க வேண்டியதாயிற்று. கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் தாங்காத நடுத்தர வயது ஆண்களை மனத்தில் வைத்து அவர் ஆட்டத்தை அமைத்தார். அன்று முதலே பந்தின் எடை பெரியவர்களின் கைக்காகத்தான் முடிவு செய்யப்பட்டு வந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அது கனமாகத் தோன்றுவதில் பிள்ளையின் குறை எதுவும் இல்லை. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டிகளிலேயே சுமார் 210 கிராம் எடையும் 63 சென்டிமீட்டர் சுற்றளவும் கொண்ட பந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வலையும் 2 மீட்டர்தான். வாலிபாலை இவ்வளவு ஆழமாக நேசிக்கும் ஒரு நாடு இதைச் செய்யும்போது, இலேசான பந்தைக் கொடுப்பது பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இலேசான பந்தின் நன்மை வலி குறைவது மட்டும் அல்ல. பந்து காற்றில் சற்று மெதுவாக இறங்குவதால், பிள்ளைக்கு அடியெடுத்து வைத்து, முழங்காலை மடக்கி, கைகளைச் சேர்க்க நேரம் கிடைக்கிறது. சின்ன அசைவிலேயே பந்து எழும்புவதால் கையை வீசும் தேவை குறைகிறது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். காற்று வீசும் திறந்தவெளியில் அது அலைக்கழியும். அதிலேயே நீண்ட காலம் ஆடினால், போட்டிப் பந்து வரும்போது கைகள் தாழ்ந்துபோகும். அதற்காக, வலி அடங்கிய பிறகு இரண்டு பந்துகளையும் ஒரே நாளில் பயன்படுத்துவதையே நான் விரும்புகிறேன். கையும் கவனமும் களைப்படையாத தொடக்கத்தில் போட்டிப் பந்தில் பத்துப் பதினைந்து, மீதி நேரம் இலேசான பந்தில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். களைத்துப்போன கையில் கனமான பந்து விழும்போதுதான் கைகள் பிரிந்து எலும்பில் படுகிறது.

பந்தில் காற்றைக் குறைப்பது செலவில்லாதது என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். உள்ளரங்க ஆட்டத்துக்கான பந்தில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை இருக்க வேண்டும். கடற்கரை வாலிபாலில் பந்தின் எடை அதேதான். ஆனால் அழுத்தம் 0.175 முதல் 0.225 வரை மட்டுமே. ஆகவே குறைந்த காற்றோடு ஆடுவது முறைகேடான ஒன்று அல்ல. மென்மையான பந்து கையில் அமுங்கி, தொடும் நேரம் சிறிது நீள்வதால், அடியின் உச்சம் குறைகிறது. தோல் எரிச்சல் கண்கூடாகத் தணியும். ஆனால் எடை அப்படியே இருக்கிறது, எழும்பும் தன்மையோ குறைந்துவிடுகிறது. செத்த பந்தை மேலே அனுப்பப் பிள்ளை இன்னும் ஓங்கி வீசும். நாம் எந்தப் பழக்கத்தை விடவைக்க முயல்கிறோமோ அதையே இது வளர்க்கும். எனவே இதைச் சில நாள்களுக்கான தற்காலிக ஏற்பாடாக, அதுவும் பந்தைத் தாங்கி நிறுத்தும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

காற்றைக் குறைக்கும் முன், காற்று அதிகமாக இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். அளவுமானி இல்லாத பம்பால் அடித்த பந்துகள் பல, போட்டி அளவைவிடவும் இறுகிக் கிடக்கின்றன. அதை வேண்டிய அளவுக்குக் கொண்டுவருவது சலுகை அல்ல, திருத்தம். வெயிலில் காய்ந்து மேல்தோல் விறைத்துப்போன பழைய பந்தையும், சொரசொரப்பான ரப்பர் மேலுறை கொண்ட பந்தையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மென்மையான செயற்கைத் தோல் உறையுள்ள பந்து அதே எடையில் இருந்தாலும் கைக்கு இதமாக இருக்கும். முழுவதும் நுரையால் ஆன பந்து, ஏழெட்டு வயதுக்கும் குறைந்தவர்களுக்கும், பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் நல்ல தொடக்கம். மற்றவர்களுக்கு அது விரைவில் போதாமல் போகும்.

ஸ்லீவ்

ஸ்லீவில் இரண்டு வகை உண்டு. மெல்லிய, இழுபடும் துணியால் ஆனது தோல் உரசலையும் வியர்வை வழுக்கலையும் தரைச் சிராய்ப்பையும் தடுக்கும். அடியின் வலுவை அது பெரிதாகக் குறைக்காது. உள்ளே பஞ்சுத் திண்டு வைத்தது அடியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஆனால் பந்து கையில் எங்கே படுகிறது என்ற உணர்வையும் சேர்த்து மங்கச் செய்யும். என் முதன்மையான தயக்கம் அதுதான். தொடக்கநிலைப் பிள்ளைக்குத் தோலில் வரும் அந்த உணர்வுதான் நேரடி ஆசிரியர். முன்பு சொன்ன சிவப்பு அடையாளம்தான் நமக்குக் கிடைக்கும் சான்று. இரண்டையும் மூடிவிட்டுக் கற்பிப்பது கடினம்.

ஆனாலும் ஒரு பிள்ளையின் விஷயத்தில் நான் தயங்காமல் ஸ்லீவைப் பரிந்துரைப்பேன். வலிக்கு அஞ்சி, பந்து வரும்போதே கையைப் பின்னிழுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை அது. அச்சத்தால் கைகள் பிரிகின்றன, பிரிந்த கைகளில் பட்டு மேலும் வலிக்கிறது, மேலும் அஞ்சுகிறது. இந்தச் சுற்றை உடைக்க ஒரு மெல்லிய திண்டு போதுமென்றால், அதைக் கொடுக்க மறுப்பதில் எந்த நன்மையும் இல்லை. முதல் பத்து பந்துகளை ஸ்லீவ் இல்லாமலும் மீதியை அதோடும் எடுக்கவைத்து, வாரந்தோறும் வெறுங்கையில் எடுக்கும் எண்ணிக்கையைக் கூட்டிச் சென்றால், உணர்வும் இழக்கப்படாது. வாங்கும் முன் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பார்த்தால், மெல்லிய ஸ்லீவால் கிடைக்கும் பலன் ஏறக்குறைய எவ்வளவு என்பது தெரிந்துவிடும். வாங்கினால் இரண்டு கைகளுக்கும் ஒரே மாதிரியாக, கழற்றிய பின் ஆழமான தடம் விழாத இறுக்கத்தில் வாங்க வேண்டும். விரல் மரத்துப்போனால் அது சிறியது.

ஓய்வும் வீட்டு வைத்தியமும்

தோல் எரிச்சலுக்காக விளையாட்டை முழுவதும் நிறுத்துவது தேவைக்கு மீறியது. ஒரு வாரம் கழித்து வரும்போது அதே கை, அதே வீச்சு, அதே வலி. முன்கையை மட்டும் ஓரிரு நாள் விட்டுவிட்டு, மற்றப் பயிற்சிகளைத் தொடரும் பகுதி ஓய்வே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். நீலம் பாய்ந்த இடத்தைத் தொட்டாலே முகம் சுளித்தால், அந்த இடம் தொடும்போது வலிக்காத நிலைக்கு வரும்வரை அதில் பந்து படக் கூடாது.

பயிற்சி முடிந்த உடனே, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைப்பது எரிச்சலையும் வீக்கத்தையும் தணிக்கும். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. புதிதாக இரத்தம் கட்டிய இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும் கசிவை அதிகப்படுத்தக்கூடும். ஆட்டத்துக்கு முன் எரிச்சல் தரும் தைலங்களைப் பூசினால் ஏற்கெனவே சிவந்த தோல் மேலும் எரியும், பந்தும் வழுக்கும். வலி மாத்திரையை ஆட்டத்துக்கு முன்பாகக் கொடுத்து அனுப்புவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நிறுத்து என்று உடல் சொல்லும் சொல்லை அது கேட்கவிடாமல் செய்துவிடும். மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அரிதான, ஆனால் உயிருக்கே ஆபத்தான ரெய் நோய்க்குறியோடு அதற்குத் தொடர்பு உண்டு.

‘பழகிவிடும்’ என்று விடுவதைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதில் பாதி உண்மை. சரியான இடத்தில், அளவான எண்ணிக்கையில் பந்தை எடுக்கும் பிள்ளைக்குச் சில வாரங்களில் சிவப்பும் எரிச்சலும் குறைந்துவிடுகின்றன. தவறான இடத்தில் எடுக்கும் பிள்ளைக்குப் பழகுவது வலி அல்ல, வலியை மறைப்பது. அந்தப் பிள்ளை சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் ‘எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லும்.

யாருக்கு எது

இரு கைகளிலும் சரியான இடத்தில் சிவந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும் பிள்ளைக்கு எதையும் வாங்க வேண்டாம். எண்ணிக்கையைக் குறைத்து, பந்தின் காற்றைச் சரிபார்த்து, மெதுவாகப் போட்டுக்கொடுத்தால் போதும். மணிக்கட்டிலோ எலும்பு விளிம்பிலோ சிவக்கும் பிள்ளைக்கும் முதலில் செலவு தேவையில்லை. பந்தைத் தாங்கி நிறுத்தும் பயிற்சிக்கும் கால் பயிற்சிக்கும் திரும்ப வேண்டும், அதன் பிறகும் கை வலிமை போதாமல் வீசினால் இலேசான பந்து வாங்குவது பொருத்தம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட மெலிந்த உடல்வாகுள்ள பிள்ளைக்குப் பணம் செலவழிக்கப் போகிறோம் என்றால், ஸ்லீவுக்கு முன் இலேசான பந்துக்குச் செலவழிப்பதே மேல்; பந்து வலியையும் குறைக்கும், கற்பதையும் எளிதாக்கும்.

பள்ளி அணியில் சேர்ந்துவிட்ட, அங்கே போட்டிப் பந்தையே பயன்படுத்தும் பிள்ளையின் நிலைதான் சிக்கலானது. அங்கே எண்ணிக்கையும் வேகமும் நம் கையில் இல்லை. பயிற்சியாளரிடம் பேசி, சர்வீஸ் எடுக்கும் வரிசையில் சில வாரங்களுக்குக் குறைந்த முறை நிற்க அனுமதி கேட்பது முதல் வேலை. அக்கறையுள்ள பயிற்சியாளர் அதை மறுக்க மாட்டார். அதுவரை அணிப் பயிற்சியில் ஸ்லீவும், வீட்டில் வெறுங்கையில் மெதுவான பந்தும் என்று பிரித்துக்கொள்ளலாம். அணிப் பயிற்சி இருக்கும் நாளில் வீட்டில் முன்கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது.

இனி, இந்தத் தேர்வுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் எலும்பில் வலி. மணிக்கட்டை மடக்கவோ ஊன்றவோ முடியாமை. ஒரு பக்கம் மட்டும் வீங்குவது. விரல்களில் மரத்துப்போதல் அல்லது பிடிமானம் தளர்வது. ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் தொடரும் வலி. ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் குறையாத வலி. வளரும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டுக்கு அருகில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவை முதிர்ந்த எலும்பைவிட மென்மையானவை, அவற்றில் ஏற்படும் காயம் வெளியே சாதாரணச் சுளுக்குப் போலவே தோன்றும். பந்து படாத இடங்களிலும் காரணமின்றி இரத்தக்கட்டோ செம்புள்ளிகளோ தோன்றினாலும், ஈறிலோ மூக்கிலோ அடிக்கடி இரத்தம் வந்தாலும், அதை வாலிபாலோடு முடிச்சுப் போடாமல் உடனே காட்ட வேண்டும். எந்த நாளிலிருந்து, எந்த அசைவில், எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதைப் பிள்ளையையே மருத்துவரிடம் சொல்லவிடுங்கள். பந்தை எடுக்கும் நிலையில் கைகளை நீட்டிக் காட்டவும் சொல்லுங்கள்.